தண்ணி ஏறாத மூலை: வேபேர்ன் எண்ணெய் வயல்ல நடந்த கதை

போன சிறுபோகத்துக்கு அப்பாவோட தண்ணி கட்டப் போனன். எங்கட காணி இரணைமடு வாய்க்கால்ல கடைசிப்பக்கம், முறை வாறதே ராத்திரியில தான், அதுவும் ரெண்டாவது துண்டில ஒரு மூலை மேடு, எவ்வளவு நேரம் திறந்து விட்டாலும் தண்ணி பள்ளத்தைப் பிடிச்சு ஓடி கீழ் வக்கடையால அடுத்த ஆக்கள்ர வயலுக்குப் போகுமே தவிர அந்த மூலைக்கு ஏறாது. அப்பா மண்வெட்டியை ஊண்டிக்கொண்டு நிண்டு, "தண்ணி காணாமல் இல்லை தம்பி, அது போற வழி தான் பிழை" எண்டார்.

அந்தக் கிழமை நான் கனடாவில இருக்கிற வேபேர்ன் எண்ணெய் வயலைப் பற்றித் தான் வாசிச்சுக் கொண்டிருந்தனான். அப்பா சொன்னதும் அந்த வயல்ல முப்பது வருசமா நடந்ததும் ஒண்டு தான் எண்டு அப்ப தான் எனக்குச் சரியா விளங்கினது. அதால அந்த கேஸை முழுசா, எங்கட ஆக்களுக்கு விளங்கிற மாதிரி எழுதிப் பாக்கிறன். மன்னார் கடல்ல இயற்கை வாயு இருக்கு எண்டு 2011ல செய்தி வந்த நாளில இருந்து கிளிநொச்சி, மாங்குளம், முருங்கன் எண்டு எந்தத் தேத்தண்ணிக் கடையில இருந்தாலும் "இருக்காம், எடுத்தால் சரி" எண்டு ஒரு கதை வரும். இருக்கிறது வேற, எடுக்கிறது வேற. ரெண்டுக்கும் நடுவில கிடக்கிறது கல்லு, அந்தக் கல்லைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்லை எண்டது என்ர பெரிய கவலை.

வேபேர்ன் இருக்கிறது சஸ்கச்சுவான் மாகாணத்தின்ர தென்கிழக்கு மூலையில, அமெரிக்க எல்லைக்குக் கிட்ட. கோதுமை விளையிற தட்டையான தரை. 1954ல அங்க எண்ணெய் கண்டுபிடிச்சவை. வயல்ர பரப்பு கிட்டத்தட்ட 180 சதுர கிலோமீற்றர், எண்ணெய் கிடக்கிறது ஏறக்குறைய 1,450 மீற்றர் ஆழத்தில, மொத்தமா அடியில கிடந்தது 140 கோடி பீப்பாய் எண்டு கணக்கு. கேக்க பெரிய தொகை. ஆனா அது ஒரு குளம் மாதிரி நிலத்துக்குக் கீழ தேங்கிக் கிடக்குது எண்டு நினைச்சால் முதல் அடியே பிழைச்சுப் போகும். பள்ளிக்கூடத்துச் சோக்குக் கட்டியைத் தண்ணியில போட்டு எடுத்துப் பாருங்கோ, தண்ணி உள்ளுக்க போயிருக்கும், ஆனா எங்க எண்டு கண்ணுக்குத் தெரியாது. எண்ணெயும் அப்பிடித் தான், கல்லின்ர நுண்ணிய துளைகளுக்குள்ள.

அந்தக் கல்லு ரெண்டு படை. மேல இருக்கிறதுக்கு மார்லி எண்டு பேர், சராசரி 6 மீற்றர் தடிப்பு, தொலமைற்று எண்ட கல்லு. கீழ இருக்கிறது வகி, சுண்ணாம்புக்கல், சராசரி 15 மீற்றர். இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் தான் இந்த முழுக் கதையும். மார்லியில நூறு பங்கு கல்லை எடுத்தால் 26 பங்கு வெறும் துளை, அவ்வளவும் எண்ணெய் பிடிக்கிற இடம், ஆனா துளை ஒவ்வொண்டும் சரியான பொடி, அதால உள்ளுக்க இருக்கிறது லேசில நகராது. முருங்கன் கறுத்தக் களி மாதிரி எண்டு வையுங்கோ, தண்ணியை நிறையக் குடிக்கும், திருப்பி விடாது. வகியில துளை நூற்றுக்கு 10, 11 அளவு தான், ஆனா அதில ஓட்டைகளும் வெடிப்புகளும் நிறைய, அதால எது போனாலும் விறுவிறு எண்டு ஓடும். கூடப் பிடிக்கிற கல்லு மெதுவா விடும், குறையப் பிடிக்கிற கல்லு கெதியா விடும்.

இதுகளுக்கு மேல மூடி மாதிரி அன்ஹைட்ரைட் எண்டு ஒரு இறுக்கமான படை கிடக்கு. அது எப்பிடி வந்தது எண்டு கேட்டால் ஆனையிறவு உப்பளத்தில வேலை செய்த ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடல்நீரைப் பாத்தி கட்டிக் காயவிட்டால் உப்பு விளைய முந்தியே ஜிப்சம் படியும், அது ஆழத்தில புதைஞ்சு சூட்டிலயும் அமுக்கத்திலயும் தண்ணியை இழந்தால் அன்ஹைட்ரைட். 34 கோடி வருசத்துக்கு மேல பழைய காலத்தில சஸ்கச்சுவான் ஒரு சூடான ஆழமில்லாத கடலா இருந்திருக்கு, இப்ப மன்னாருக்கும் தலைமன்னாருக்கும் அங்கால கிடக்கிற மணல்திட்டுக் கடல் மாதிரி ஒண்டு. எனக்கு இதை முதல்முறை வாசிக்கேக்க மயிர் கூச்செறிஞ்சது, பனி உறையிற ஒரு ஊரின்ர அடியில எங்கட கடல் மாதிரி ஒரு கடல் கல்லாக் கிடக்குது.

முதல் பத்து வருசம் பெரிய பிரச்சினை ஒண்டுமில்லை. எண்ணெய் தன்ர சொந்த அமுக்கத்தில வந்தது. பிறகு அமுக்கம் இறங்க, 1964ல தண்ணி இறக்கத் தொடங்கினவை. முறை என்னெண்டால் நடுவில ஒரு கிணத்தால தண்ணியை உள்ளுக்கு அமுக்கிறது, சுத்தி இருக்கிற எட்டுக் கிணத்தால எண்ணெயை எடுக்கிறது, இப்பிடி ஒம்பது ஒம்பதா வயல் முழுக்கக் கட்டம் போட்டது. தண்ணி எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போகும் எண்டது கணக்கு. முதல்ல அது சரியாத் தான் வந்தது, 1960களின் நடுவில நாளுக்கு 45,000 பீப்பாய்க்கு மேல எடுத்தவை. அதுக்குப் பிறகு இறக்கம். எட்டுக் கிணத்தில சிலதில மட்டும் தண்ணி கெதியா வந்திட்டுது, அதுவும் ஏனோதானோ எண்டில்லை, வடகிழக்கு தென்மேற்குத் திசையில இருந்த கிணறுகளில தான் முதல்ல வந்தது. மற்றக் கிணறுகளுக்குத் தள்ளுற பலமே போய்ச் சேரேல்லை. 1980களில நாளுக்கு 10,000 பீப்பாய் அளவுக்கு விழுந்திட்டுது. அவ்வளவு வருசம் தண்ணி தள்ளியும் அடியில கிடந்ததில கால்வாசி அளவு தான் மேல வந்தது, முக்கால்வாசி அங்கயே.

கட்டம் போட்டவை கெட்டிக்காரர் தான், பிழை அவையின்ர கணக்கில இல்லை. கல்லு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் எண்டு நினைச்சுக் கட்டம் போட்டது தான் பிழை, அந்தக் காலத்தில அப்பிடித் தான் எல்லா இடமும் போட்டவை.

இனித் தான் கல்லை வாசிச்ச பகுதி, எனக்கு மிகப் பிடிச்ச பகுதி. தொடக்கத்தில துளைச்ச கிணறுகளில இருந்து எடுத்த கோர், அதாவது உருளை உருளையா வெட்டி எடுத்த கல்லுத் துண்டுகள், எறியாமல் பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருந்தவை. கிணத்துக்குள்ள கம்பியில கருவியை இறக்கி எடுத்த லொக் பதிவுகளும் இருந்தது. அது ஒவ்வொரு அடிக்கும் கல்லு எவ்வளவு கதிர்வீசுது, மின்சாரத்தை எவ்வளவு தடுக்குது, எவ்வளவு அடர்த்தி எண்டு கோடு கோடா எழுதும். இதுகளைத் திரும்ப எடுத்து, கோரை அடிக்கு அடி பாத்து, துண்டு வெட்டி நுணுக்குக்காட்டியில வச்சுப் பாத்து, லொக்கோட பொருத்தினால் வகிப் படையும் ஒரே கல்லு இல்லை எண்டு தெரிஞ்சுது. அதுக்குள்ளயே பழைய கடல்ர மணல்திட்டு இருந்த இடம் ஒண்டு, திட்டுக்கு இடைப்பட்ட சேத்து இடம் இன்னொண்டு. திட்டு இருந்த இடத்தில கல்லு நல்லா விடும். இடைப்பட்ட இடத்தில கல்லு இறுக்கம், ஆனா அங்க தான் வெடிப்பு கூட. மன்னார்ப் பக்கம் தோணி விடுற ஆக்களுக்கு எது திட்டு எது பள்ளம் எண்டு கண்ணை மூடிக்கொண்டு தெரியும், இங்க அதை 1,450 மீற்றர் கீழ ஒரு சாண் அகலமில்லாத கோர்த் துண்டுகளை வச்சுக் கண்டுபிடிக்கோணும்.

வெடிப்புத் தான் மற்றப் பெரிய துப்பு. வவுனியாவில எங்கட மாமா வீட்டில குழாய்க்கிணறு அடிச்ச கதை எனக்கு ஞாபகம் வருது. அங்க அடியில கருங்கல்லு, கல்லுக்குத் தண்ணி பிடிக்கிற துளை இல்லை, வெடிப்பில ஓடுற தண்ணி தான். முதல் துளை வறண்டது, ரெண்டாவதும் வறண்டது, காசு தண்ணியாப் போச்சு, மூண்டாவது துளை வளவுக்குள்ளயே பதினைஞ்சு இருபது அடி தள்ளி, அதில தண்ணி பாய்ஞ்சு வந்தது. வெடிப்பு எந்தத் திசையில ஓடுது எண்டு முதல்லயே பாத்திருந்தால் ரெண்டு துளைக் காசு மிஞ்சியிருக்கும் எண்டு மாமி இண்டைக்கும் சொல்லுவா. வேபேர்ன்ல வெடிப்புகள் பெரும்பாலும் வடகிழக்கு தென்மேற்காத் தான் ஓடுது. இப்ப அந்தத் தண்ணி முந்தி வந்த கிணறுகள்ர திசையை நினைச்சுப் பாருங்கோ. தள்ளின தண்ணி வகியின்ர வெடிப்பு வழியா நேரா ஓடி மற்றப் பக்கத்துக் கிணத்தால வெளிய வந்திருக்கு. மேல மார்லியில இருந்த எண்ணெயை அது தொடவே இல்லை எண்டு சொல்லலாம்.

வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுது எண்டு நிலத்துக்கு மேல இருந்தே பாக்கவும் ஒரு வழி இருக்கு. நில அதிர்வு அலையில ஒரு வகை அலை, பக்கவாட்டில ஆடிக்கொண்டு போறது, வெடிப்புள்ள கல்லுக்குள்ள போனால் ரெண்டாப் பிரியும், வெடிப்போட நீட்டுக்கு ஆடுறது கெதியா வரும், குறுக்க ஆடுறது பிந்தி வரும். பனங்குத்தியை நீட்டுக்குப் பிளந்தால் ஒரு வெட்டு, குறுக்க வெட்டினால் கோடாலி துள்ளும், அது மாதிரி. ரெண்டு அலைக்கும் இடையில உள்ள நேர வித்தியாசத்தை அளந்தால் எங்க வெடிப்பு கூட, எந்தத் திசை எண்டு வரும்.

இதெல்லாத்தையும் ஒண்டாச் சேர்த்து கொம்பியூட்டர்ல வயலையே சின்னச் சின்னப் பெட்டியாக் கட்டிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் எவ்வளவு துளை, எவ்வளவு ஓடவிடும், எவ்வளவு எண்ணெய், எவ்வளவு தண்ணி. பிறகு முதல் நாளில இருந்து அந்த மாதிரியை ஓட விட்டு, ஒவ்வொரு கிணத்திலயும் உண்மையா வந்த எண்ணெயும் தண்ணியும் மாதிரியில வாறதோட பொருந்துதா எண்டு பாக்கிறது. பொருந்தாட்டில் எங்கயோ கல்லைப் பிழையா வாசிச்சிருக்கு எண்டு அர்த்தம், திரும்பப் போய் கோரைப் பாக்கோணும். இந்தத் திரும்பப் போற வேலையில தான் ஆக்கள் வருசக்கணக்கா இருக்கிறவை. அதில சோம்பல் பட்டால் மாதிரி வடிவா இருக்கும், ஆனா சொல்லுறது பொய்யா இருக்கும்.

எண்ணெய் மார்லியில மிஞ்சிக் கிடக்குது எண்டு தெரிஞ்ச பிறகு 1991ல கிடைக்கிணறு போடத் தொடங்கினவை. நேரா இறங்கிற கிணறு 6 மீற்றர் தடிப்பான படையை 6 மீற்றர் தான் தொடும். இறங்கிப் போய் அந்தப் படைக்குள்ளயே திரும்பி நீட்டுக்குப் போற கிணறு நூற்றுக்கணக்கான மீற்றர் தொடும். மெதுவா விடுற கல்லுக்கு இது தான் மருந்து. ஆனா படையின்ர தடிப்பு 6 மீற்றர் தான் எண்டதை மறக்கக் கூடாது, ஒண்டரைக் கிலோமீற்றர் கீழ அந்தப் படைக்குள்ளயே நிக்கிற மாதிரித் துளைக்கிறதுக்கு கல்லின்ர படம் கையில இருக்கோணும். படம் இல்லாத காலத்தில இந்தக் கருவி இருந்திருந்தாலும் பிரயோசனப்பட்டிருக்காது.

அடுத்தது 2000. அப்ப வயலை நடத்தின பான்கனேடியன் கொம்பனி காபனீரொட்சைட்டு வாயுவை உள்ளுக்கு இறக்கத் தொடங்கினது. பிறகு அந்த வயல் என்கானா, செனோவஸ் எண்டு கை மாறி 2017ல வைற்காப் கொம்பனிக்குப் போனது. வாயு வந்த இடம் எல்லைக்கு அங்கால வடக்கு டகோட்டாவில பியூலா எண்ட ஊர், அங்க பழுப்பு நிலக்கரியில இருந்து எரிவாயு செய்யிற ஆலை ஒண்டின்ர கழிவு வாயு, அதைக் கிட்டத்தட்ட 330 கிலோமீற்றர் குழாயில கொண்டு வந்தவை. ஏன் இந்த வாயு எண்டு கேட்டால், வாகனம் திருத்திற கராச்சில வேலை செய்யிற பெடியள்ர கையைப் பாருங்கோ, கிறீஸ் பிடிச்ச கையைத் தண்ணியில கழுவினால் போகாது, மண்ணெண்ணெய் போட்டால் கழண்டு வரும், ஏனெண்டால் அது கிறீஸோட கலக்கும். ஆழத்தில இருக்கிற அமுக்கத்தில காபனீரொட்சைட்டும் எண்ணெயோட கலக்கும், கலந்து எண்ணெயை ஊத வச்சு இளக்கமாக்கும், பொடித் துளையில ஒட்டிக் கிடந்ததும் நகரத் தொடங்கும். அதோட அது தண்ணியை விட லேசு, மேல ஏறப் பாக்கும். மேல என்ன இருக்கு? மார்லி.

ஆனா வெறுமனே வாயுவை விட்டால் அதுவும் வகியின்ர வெடிப்பால ஓடிப் போயிடும். அதால சில இடங்களில தண்ணியையும் வாயுவையும் ஒரே நேரத்தில, ஆனா வெவ்வேற கிணத்தால விட்டவை. நேர்க்கிணத்தால தண்ணி கீழ வகிக்கு, கிடைக்கிணத்தால வாயு மேல மார்லிக்கு. கீழ தண்ணி நிரம்பி நிண்டால் வாயுவுக்குக் கீழ போக வழி குறைவு. நானும் அப்பாவும் அண்டு ராத்திரி செய்ததும் அதுக்குக் கிட்டத் தான், கீழ் வக்கடையை மண் போட்டு அடைச்சு, மேட்டு மூலைக்குத் தனியா ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி விட்டம், விடியக் காலமை போய்ப் பாக்க அந்த மூலை நனைஞ்சு கிடந்தது.

வாயு எங்க போகுது எண்டு பாத்துக்கொண்டே இருந்தவை, அது தான் இந்தக் கேஸை மற்றதுகளில இருந்து பிரிக்குது. வாயு இறக்க முந்தி 1999ல ஒருக்கா நிலத்துக்குக் கீழ சைஸ்மிக் படம், அதாவது நில அதிர்வு அலையை அனுப்பி எடுக்கிற படம், எடுத்தது, பிறகு 2001, 2002 எண்டு அதே இடத்தில அதே மாதிரித் திரும்பத் திரும்ப எடுத்தது. வாயு புகுந்த கல்லில அலையின்ர வேகம் குறையும், பழைய படத்துக்கும் புதுப் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்தால் வாயு போன இடம் தெரியும். சில இடத்தில நினைச்ச மாதிரிப் பரவினது, சில இடத்தில வெடிப்பைப் பிடிச்சு விரல் நீட்டின மாதிரி ஓடினது. ஓடின இடத்தில விடுற அளவை மாத்திப் பாக்கலாம், கண்ணால கண்ட பிறகு தானே கை வைக்கலாம்.

பலன் என்னெண்டால், 10,000க்கு விழுந்த வயல் கிடைக்கிணறுகளாலயும் வாயுவாலயும் 2000களின் நடுவில நாளுக்கு 25,000 பீப்பாயைத் தாண்டினது. வாயு திட்டத்தால மட்டும் மேலதிகமா 13 கோடி பீப்பாய் வரும், வயல்ர ஆயுள் 25 வருசம் அளவில நீளும் எண்டு கணக்குப் போட்டவை. புது வயல் ஒண்டையும் கண்டுபிடிக்காமல், கைவிடப் பாத்த இடத்திலயே.

ஒண்டை மறைக்காமல் சொல்லோணும். 2011ல அந்தப் பக்கம் ஒரு பண்ணைக் குடும்பம் தங்கட காணியில வாயு கசிஞ்சு மேல வருது எண்டு முறைப்பட்டவை, அது பெரிய செய்தியா வந்தது. பிறகு தனியா ஆக்கள் போய் ஆராய்ஞ்சு, அந்த மண்ணில இருந்த வாயு வேரும் நுண்ணுயிரும் மூச்சு விடுறதால வந்தது எண்டு முடிவு சொன்னவை. அவை பாத்த முறை நல்ல முறை: மண்ணுக்குள்ள உயிர்கள் மூச்சு விட்டால் காபனீரொட்சைட்டு கூடக் கூட ஒட்சிசன் அதே கணக்கில குறையும். கீழ இருந்து கசிஞ்சு வந்தால் அந்தக் கணக்கு பொருந்தாது. அங்க கணக்கு பொருந்தினது. ஆனா முறைப்பட்ட ஆக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தன்ர கிணத்துத் தண்ணிக்கும் மண்ணுக்கும் என்ன நடக்குது எண்டு கேக்கிறது ஒரு கமக்காரன்ர உரிமை, அந்தக் கேள்விக்கு அளந்து பதில் சொல்லுறது கொம்பனியின்ர கடமை. இன்னொண்டு, பூமியைச் சூடாக்கிற காபனீரொட்சைட்டு வாயுவைப் புதைக்கிறது நல்லது தான், ஆனா அதால எடுத்த எண்ணெயை எரிக்கேக்க திரும்ப வாயு வருது, ரெண்டையும் ஒரே தராசில வச்சுத் தான் பாக்கோணும். எங்கட பக்கம் மழை பிந்தினால் காலபோகம் என்னாகும் எண்டு தெரிஞ்ச நாங்கள் அதைச் சும்மா விட்டிட்டுப் போகேலாது.

இனி மன்னாருக்கு வாறன். 1970களில சோவியத் ஆக்கள்ர உதவியோட பேசாலையில கிணறு துளைச்சவை, வியாபாரத்துக்கு எண்ணெய் வரேல்லை. 2011ல கெயார்ன் லங்கா கொம்பனி மன்னார் ஆழ்கடல்ல டொராடோ எண்டு ஒரு கிணறு துளைச்சு இயற்கை வாயு கண்டது, அங்க கடலே 1,350 மீற்றர் ஆழம், வாயு இருந்த மணற்கல்லுப் பகுதி 25 மீற்றர் அளவு. அதே வருசம் பராகுடா எண்டு இன்னொண்டு, அதிலயும் வாயு. வேற கிணறுகள் வறண்டது. 2015ல கொம்பனி விட்டிட்டுப் போனது.

இதை வேபேர்ன் கண்ணால பாருங்கோ. அந்த 25 மீற்றரும் ஒரே கல்லா, படை படையா மாறுதா? அந்த மணல் எந்த ஆறு கொண்டு வந்து கொட்டினது, எந்தப் பக்கம் தடிப்பு, எந்தப் பக்கம் மெல்லிசாகி முடியுது? மன்னார் படுகைக்குள்ள எரிமலைக் குழம்பு இறுகின படைகளும் இருக்கு, அது சைஸ்மிக் அலையைத் தடுத்து கீழ இருக்கிறதை மங்கலாக்கும். வேபேர்ன்ல நூற்றுக்கணக்கான கிணறு இருந்து, பெட்டி பெட்டியாக் கோர் இருந்து, அதுக்குப் பிறகும் முப்பது வருசம் தண்ணியைப் பிழையான வழியால விட்டவை. எங்களுக்கு வாயு கண்ட கிணறு ரெண்டு. ஒரு கிணறு சொல்லுறது அந்தத் துளை போன இடத்தைப் பற்றி மட்டும் தான், பத்துக் கிலோமீற்றர் அங்கால என்ன எண்டு அது சொல்லாது.

அதால எனக்கு முக்கியம் எடுக்கிற திகதி இல்லை. துளைச்ச எல்லாக் கிணத்தின்ரயும் கல்லுத் துண்டும் லொக்கும் சைஸ்மிக் நாடாவும் பத்திரமா இருக்கோணும், வறண்ட கிணத்தின்ரயும் தான், ஏனெண்டால் வறண்டது ஏன் எண்டதும் கல்லின்ர கதை தான். அதை எடுத்து வாசிக்கப் பேராதனையில புவிச்சரிதவியல் படிக்கிற பிள்ளையளுக்கு வழி விடோணும், அதில வன்னிப் பிள்ளையள் இன்னும் கூடச் சேரோணும், கணிதமும் பௌதிகவியலும் நல்லாச் செய்யிற பிள்ளையள் கிளிநொச்சியில எத்தினை பேர் இருக்கினம், இப்பிடி ஒரு படிப்பு இருக்கு எண்டே அவையளுக்கு ஒருத்தரும் சொல்லுறேல்லை.

இதை எழுதி முடிச்சு அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். முழுக்கக் கேட்டிட்டு, "அப்ப மன்னாரில எவ்வளவு தான் வரும் தம்பி?" எண்டார். முதல் அந்தக் கல்லு எதுவரைக்கும் போகுது எண்டு பாக்க டொராடோவைச் சுத்தி இன்னும் கொஞ்சக் கிணறு துளைக்கோணும் அப்பா, அதில கோர் எடுக்கோணும், பிறகு தான் தொகை சொல்லலாம் எண்டன். "அதுக்கு எவ்வளவு காலம்?" எண்டார். கன வருசம் எடுக்கும் எண்டன். சரி எண்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழும்பினார், அண்டைக்கும் எங்கட முறை.